கனெக்டிங் ஃபிளைட்டுக்கு இந்த இடைவெளி போதுமா? கணக்குப் போடும் முறை

டிக்கெட் தேடும்போது விலை குறைவான பயணத்தில்தான் பெரும்பாலும் "85 நிமிட இடைவெளி" என்று போட்டிருக்கும். அதே 85 நிமிடம் தோஹாவில் சாதாரணமாகப் போதும். சிகாகோவில் போதவே போதாது. டெல்லியில் எந்த டெர்மினலில் இறங்கி எந்த டெர்மினலில் ஏறுகிறீர்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. அதனால் மொத்த நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

படி 1: ஒரே பிஎன்ஆரா, இரண்டா?

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு விமானங்களும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கின்றனவா என்பதுதான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வியன்னாவில் அது 25 நிமிடம் வரை இறங்கும். ஃபிராங்க்ஃபர்ட்டில் பொதுவாக 45. ஒரே பிஎன்ஆரில் வரும் டிக்கெட் இந்த அளவுக்குக் கீழே விற்கப்படாது. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் கூடுதல் பணம் வாங்காமல் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

இரண்டு பிஎன்ஆர் என்றால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெரும்பாலும் அந்த டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் சேர்ந்தே ரத்தாகும். சில தளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணம் போலக் காட்டும். "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

லக்கேஜிலும் சிக்கல் வரும். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட் எடுத்தால் உள்நாட்டு அளவு, அதாவது பெரும்பாலும் 15 கிலோதான். அமெரிக்கா போக இரண்டு 23 கிலோ பெட்டியோடு போய் நின்றால் மீதி 31 கிலோவுக்குக் கவுன்டரிலேயே பணம் கட்ட வேண்டும்.

படி 2: நடுவில் எத்தனை வரிசை?

தோஹா, துபாய் போன்ற இடங்களில் ஒரே டிக்கெட்டில் மாறினால் ஒரு பாதுகாப்புச் சோதனை, பிறகு நடை, அவ்வளவுதான். பெட்டி தானாகப் போய்விடும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில், இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. அங்கிருந்து நேராக அமெரிக்கா போனால் இமிகிரேஷன் இல்லை. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, மியூனிக் போய், அங்கிருந்து அமெரிக்கா என்று டிக்கெட் இருந்தால் ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு) எல்லைக்குள் நுழைந்ததாகவே கணக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கேட்பார்கள். இது இல்லாமல் சென்னை கவுன்டரிலேயே திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு. அந்த நிலையில் இடைவெளி எத்தனை மணி நேரம் இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் எல்லாமே உண்டு: இமிகிரேஷன், பெட்டியை எடுப்பது, கஸ்டம்ஸ், பெட்டியை மறுபடி ஒப்படைப்பது, பாதுகாப்புச் சோதனை. பெட்டியில் கடைசி ஊரின் டேக் ஒட்டியிருந்தாலும் இதே நடைமுறைதான். அபுதாபி வழியாக எத்திஹாடில் போனால் அமெரிக்க இமிகிரேஷனை அபுதாபியிலேயே முடித்துவிடுவார்கள். அதனால் அமெரிக்காவில் நேரம் மிச்சமாகும். அபுதாபியில் அதற்கேற்பக் கூடுதல் நேரம் வேண்டும்.

இந்தியாவுக்குத் திரும்பும்போதும் பொதுவாக இறங்கும் முதல் ஊரில்தான் இமிகிரேஷனும் கஸ்டம்ஸும். டெல்லியில் சர்வதேச விமானம் டெர்மினல் 3-க்கு வரும்; உள்நாட்டு விமானம் டெர்மினல் 1-இலிருந்து என்றால் வெளியே வந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும். மும்பையிலும் டெர்மினல் 2-க்கும் 1-க்கும் இடையே இதே கதை. இரண்டு ஊரிலும் டெர்மினல் மாற வேண்டியிருந்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்காதீர்கள்.

கோலாலம்பூரும் அப்படித்தான். திருச்சியிலிருந்து ஏர்ஏசியாவில் போனால் டெர்மினல் 2. அங்கிருந்து தனி டிக்கெட்டில் மலேசியா ஏர்லைன்ஸ் என்றால் டெர்மினல் 1. இரண்டுக்கும் நடுவே ரயிலில் சில நிமிடம்தான், ஆனால் மலேசிய இமிகிரேஷனைத் தாண்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த்தான் அந்த ரயிலையே பிடிக்க முடியும்.

படி 3: கேட் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

சென்னை, தோஹா, சிகாகோ ஓஹேர், அங்கிருந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸில் கொலம்பஸ் என்று வைத்துக்கொள்வோம். சிகாகோவில் இடைவெளி 2 மணி 10 நிமிடம், அதாவது 130 நிமிடம்.

- விமானக் கதவு மூடுவது: புறப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்
- விமானத்திலிருந்து இறங்க: 15 முதல் 25
- இமிகிரேஷன்: 30 முதல் 90
- பெட்டி வர: 20 முதல் 30
- கஸ்டம்ஸ், பெட்டியை ஒப்படைக்க: 10
- டெர்மினல் 5-இலிருந்து ரயிலில் டெர்மினல் 3: 20
- பாதுகாப்புச் சோதனை, கேட் வரை நடை: 20 முதல் 40

குறைந்த எண்களைக் கூட்டினால் சரியாக 130. எல்லாமே சாதகமாக நடந்தால்தான் பிடிக்கலாம் என்று அர்த்தம். அதிக எண்களைக் கூட்டினால் 230. மேலும், பெட்டியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் புறப்பாட்டுக்கு 45 நிமிடம் முன்பு வரைதான் வாங்கும். ஆள் ஓடிப்போய் ஏறினாலும் பெட்டி பின்தங்கலாம். இந்த டிக்கெட் விற்பனைக்கு வந்தாலும் எடுக்க வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். குளோபல் என்ட்ரி (முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்கு அமெரிக்க இமிகிரேஷனை விரைவாக முடித்துத் தரும் திட்டம்) இருந்தால் மட்டும் இரண்டரை மணி நேரத்தில் ஒப்பேற்றலாம்.

படி 4: உங்களுக்கே உரிய கூடுதல் நிமிடங்கள்

அப்பா, அம்மாவுக்கு வீல்சேர் போட்டிருந்தால் 30 நிமிடம் சேருங்கள். வீல்சேர் பயணிகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். ஆள் வரும்வரை வாசலில் காத்திருக்கவும் நேரும். இமிகிரேஷனில் தனி வரிசை கிடைத்தால் கொஞ்சம் ஈடாகும், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கடைசி வரிசை இருக்கை, கைக்குழந்தை, விமானத்திலிருந்து டெர்மினலுக்குப் பஸ் என்றால் ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15.

அடுத்து, முதல் விமானம் வழக்கமாக எப்போது வந்து சேர்கிறது? ஃபிளைட்ரேடார்24-இல் விமான எண்ணைப் போட்டால் கடந்த ஒரு வாரத்தின் நேரங்கள் தெரியும். ஏழு நாளில் மூன்று நாள் 40 நிமிடம் தாமதம் என்றால் அந்த 40-ஐயும் கழித்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழியாகக் காலை நேர இணைப்பு என்றால் பனிமூட்டத்துக்குத் தனியாக ஒதுக்க வேண்டும்.

படி 5: தவறினால் அடுத்தது எப்போது?

கணக்கு இழுபறியாக இருக்கும்போது முடிவு செய்வது இதுதான். அதே ஊருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விமானம் இருந்து, டிக்கெட்டும் ஒரே பிஎன்ஆர் என்றால் குறுகிய இடைவெளியைத் துணிந்து எடுக்கலாம். நாளின் கடைசி விமானம் என்றால், அல்லது வாரத்துக்கு மூன்று நாள்தான் சேவை என்றால், எடுக்காதீர்கள்.

பயண நாளில்

செக்-இன் கவுன்டரில் பெட்டி டேக்கில் உள்ள மூன்றெழுத்துக் குறி எந்த ஊருக்கு என்று படித்துப் பாருங்கள், அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். மருந்து, சான்றிதழ்கள், ஒரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும்.

தாமதம் தெரிந்தால் இறங்குவதற்கு முன்பே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். இறங்கியதும் ஆப்பைத் திறந்து பாருங்கள். பல நிறுவனங்கள் அதற்குள் வேறு விமானத்துக்கு மாற்றியிருக்கும். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கவுன்டருக்குப் போங்கள். பதற்றத்தில் நீங்களாகப் புது டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு, பழைய டிக்கெட்டின் மீதிப் பயணமும் ரத்தாகலாம்.