இரை எடுத்த குட்டியைத் தொடாதீர்கள்: பாம்பு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, வெள்ளிக்கிழமை குட்டி இரையைக் கக்கிடுச்சு. பாவம், வயிறு காலியா இருக்குமேன்னு நேத்து இன்னொரு எலி வெச்சேன். அதையும் இப்ப கக்கிடுச்சு. வேற எலி வெச்சுப் பாக்கட்டுமா?"

அவன் வளர்ப்பது பால் பைத்தான் (ball python) குட்டி, பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் பெரம்பூர் வாடகை வீட்டில் நான் செய்த அதே தவறு, அதே வரிசையில். இந்த இடைப்பட்ட காலத்தில் இதே கதையை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். சில குட்டிகள் பிழைத்தன. பல பிழைக்கவில்லை.

பாம்புக்குப் பால் வைக்காதீர்கள், தொட்டியை மூடி வையுங்கள், தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள் என்பதெல்லாம் பாம்பு வளர்க்க நினைக்கும் எவருக்கும் தெரியும். தெரிந்தவர்களே செய்யும் தவறுகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

காகிதம் இல்லாமல் வாங்குவது

நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. தோட்டத்தில் கிடைத்த சாரைக் குட்டியானாலும் சரி, தண்ணீர்ப் பாம்பானாலும் சரி. தாம்பரம் பக்கம் ஒரு பையன் விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு என்று நினைத்து ஒரு குட்டியை ஜாடியில் போட்டு வைத்திருந்தான். வரிகளைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. அது கட்டுவிரியன். வனத்துறையை அழைத்து ஒப்படைத்தோம். நம் பாம்புகளைப் பார்க்க ஆசை என்றால் கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது.

வெளிநாட்டு இனங்களுக்கும் இப்போது விதி உண்டு. சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, பால் பைத்தான் போல சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) உள்ள இனங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. விற்பவர் காகிதத்தைப் பற்றிப் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் சுருட்டிக் கடத்தி வந்து பிடிபட்ட பால் பைத்தான்கள் எத்தனையோ. அப்படி வந்த குட்டி பாதி உயிரோடுதான் உங்கள் கைக்கு வரும்.

கக்கிய குட்டிக்கு மறுபடி இரை வைப்பது

இதை நீளமாகத்தான் சொல்ல வேண்டும். குட்டிகளை அதிகம் சாகடிப்பது இதுதான் என்பது என் அனுபவம். பசி என்று நினைத்து, அன்பில் செய்கிறார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பெரம்பூரில் நான் வளர்த்தது கார்ன் ஸ்நேக், விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு. பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் ஷூ லேஸ் போல இருந்தது. ஒரு புதன்கிழமை இரவு ஒரு பிங்கி, அதாவது பிறந்து ஒன்றிரண்டு நாளான முடி முளைக்காத சுண்டெலிக் குட்டியைக் கொடுத்தேன். அழகாக விழுங்கியது. மறுநாள் மாலை அத்தை குடும்பம் வந்தது. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று பாம்பை எடுத்து ஆளாளுக்குக் கையில் கொடுத்தேன். கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் விருந்தினர் படுப்பதற்காக அதே அறையில் ஏசியை 22-ல் வைத்தோம். வெள்ளி காலை தொட்டியைத் திறந்தபோதே நாற்றம். பிங்கி வெளியே கிடந்தது. பாம்பு தலையிலிருந்துதான் விழுங்கும் என்பதால் தலைப்பக்கம் கூழாகிப் போயிருந்தது. பின்னங்கால்களும் வாலும் அப்படியே இருந்தன. தோல் சாம்பலாக வெளுத்திருந்தது. நான் என்ன செய்தேன்? அன்று இரவே இன்னொன்று கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அதையும் கக்கியது. செவ்வாய் மூன்றாவது. அதற்கு அடுத்த வாரம் குட்டி இல்லை.

நம் வீடுகளில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிடப்பவனைப் பார்த்து "இரை எடுத்த மலைப்பாம்பு மாதிரி கிடக்கான்" என்று திட்டுவார்கள். அந்த மலைப்பாம்பு சோம்பலில் கிடக்கவில்லை. அதன் உடம்புக்குள் அப்போது பெரிய வேலை நடக்கிறது. நம் இரைப்பையில் எப்போதும் அமிலம் இருக்கும். பட்டினி கிடக்கும் மலைப்பாம்பின் இரைப்பையில் அது கிட்டத்தட்ட இருக்காது. இரை உள்ளே போன பிறகுதான் சுரக்கத் தொடங்கி ஓரிரு நாளில் உச்சத்துக்கு வரும். குடல் சுவர் தடிக்கும். கல்லீரல், சிறுநீரகம், இதயம்கூடப் பெருக்கும். பர்மிய மலைப்பாம்புகளை வைத்து இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக அடுப்பு மூட்டிச் சமைப்பது போல.

இந்த வேலை நடக்க வெளியிலிருந்து சூடு வேண்டும். பாம்புக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது. அறை குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், இரை வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். அழுகுவதை உள்ளே வைத்துக்கொள்வதைவிட வெளியே தள்ளுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. கையில் எடுத்து அலைக்கழித்தாலும் அப்படித்தான். காட்டில் வயிறு நிறைந்திருக்கும்போது எதிரி வந்தால், இரையைக் கக்கி உடம்பை இலேசாக்கிக்கொண்டு ஓடும். உங்கள் கையும் அதற்கு எதிரிதான்.

கக்கும்போது இரை மட்டும் வெளியே வருவதில்லை. அமிலம் உணவுக்குழாயைச் சுட்டுக்கொண்டு வரும். உடம்பின் நீரும் உப்பும் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களும் கூடவே போய்விடும். பன்னிரண்டு கிராம் உடம்பில் இதெல்லாம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? புண்ணான வயிற்றில் மறுநாளே இன்னொரு இரையை வைத்தால், அதைச் செரிக்க அதனிடம் எதுவும் இல்லை. இரண்டாவது முறை முதல் முறையைவிட மோசமாகக் கக்கும். மூன்றாவதைப் பெரும்பாலும் தாங்காது.

ஆகவே குட்டி கக்கினால் தொட்டியைச் சுத்தம் செய்து, புதுத் தண்ணீர் வைத்து, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலகி விடுங்கள். பத்து முதல் பதினான்கு நாள் வரை இரை கிடையாது. கையில் எடுப்பதும் கிடையாது. அது மெலிவது போலத் தெரியும். பார்க்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இருந்தாலும் பொறுங்கள். அப்புறம் வழக்கமான இரையில் பாதி அளவுக்கு ஒன்று. அதைத் தங்க வைத்தால் அடுத்த வாரமும் அதே சிறிய அளவு. மூன்று நான்கு வேளை ஒழுங்காகத் தங்கிய பிறகுதான் பழைய அளவு. காத்திருந்து கொடுத்தும் மறுபடி கக்கினால் வயிற்றில் புழுவோ தொற்றோ இருக்கலாம். ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் எச்சத்தைக் கொண்டு போங்கள். எனக்கு அன்று ஒரு கிளினிக்கில் "நல்லா சாப்பிட வைங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நாய் பூனை பார்க்கும் டாக்டருக்கெல்லாம் பாம்பு தெரியும் என்று நம்பிப் போனது என் பிழை.

இந்தத் தொல்லையே வராமல் இருக்க, இரை எடுத்த பிறகு இரண்டு முழு நாள் தொடக் கூடாது. குட்டி என்றால் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வந்து கேட்டாலும் கண்ணாடி வழியாகக் காட்டுங்கள், போதும்.

சென்னை வெயிலை நம்பி விடுவது

"நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு?" என்பார்கள். பகலில் வேண்டாம், சரி. ஏசி ஓடும் படுக்கையறையில் இரவு முழுக்க 23 டிகிரி என்றால் வேண்டும். மார்கழி, தை இரவுகளிலும் வேண்டும். பால் பைத்தானுக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33, மறு பக்கம் 26 வாக்கில் இருக்க வேண்டும். ஹீட் மேட், அதாவது தொட்டிக்கு அடியில் போடும் சூட்டு விரிப்பு, போட்டால் கட்டாயம் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள். இல்லையென்றால் வயிற்றுத் தோல் வெந்துவிடும்.

கத்திரியில் கதை தலைகீழ். நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி பதிவானது. கடல்காற்று உள்ளே வராத நாளில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை அடுப்பாகிவிடும். கொளத்தூரில் வாங்கிய மீன் தொட்டிதானே என்று ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தால் பிற்பகலுக்குள் முடிந்தது.

கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத நாட்களில் இரையே வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு முந்தின நாள் என் குட்டிகள் மூன்றுக்கும் இரை நாள். நான் வைக்கவில்லை. கரன்ட் வர மூன்று நாள் ஆனது. ஆரோக்கியமான குட்டி ஒரு வாரம் தள்ளிச் சாப்பிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது.

பெரிய இரை

குட்டியின் உடம்பு எங்கே அதிகப் பருமனோ அந்தப் பருமனுக்கு மேல் இரை இருக்கக் கூடாது. எடைக் கணக்கில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம். 90 கிராம் குட்டி என்றால் 9 முதல் 13 கிராம் வரை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை எடை எழுதுங்கள்.

பாதி உருகிய எலி

இரைக்காக ஃப்ரீசரில் உறைய வைத்திருக்கும் எலியை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், மூடிய டப்பாவில். மறுநாள் ஜிப் கவரில் போட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் இருபது நிமிடம். கொடுக்கும் முன் எலியின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே சின்னக் கூழாங்கல் போலத் தட்டுப்பட்டால் அது பனிக்கட்டி. திரும்பத் தண்ணீரில் போடுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

உயிருள்ள எலியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவது

காலையில் பாம்பைத்தான் எலி கடித்திருக்கும்.

கண் பால் நிறமாக இருக்கும்போது எடுப்பது

சட்டை உரிக்கப் போகிறது. விட்டுவிடுங்கள்.

மேலிருந்து கை நீட்டுவது

குட்டிக்குத் தலைக்கு மேலிருந்து வருவதெல்லாம் பருந்துதான். பக்கவாட்டில், தொட்டியின் தரையை ஒட்டிக் கையைக் கொண்டு போங்கள். முதலில் உடம்பின் நடுப்பகுதியை இலேசாகத் தொடுங்கள். நீங்கள் வந்திருப்பது அதற்குத் தெரியட்டும். அப்புறம் அடியில் விரல்களைக் கொடுத்து முழு உடம்பையும் தாங்கித் தூக்குங்கள். கழுத்தைப் பிடிக்காதீர்கள். வாலைப் பிடித்துத் தொங்க விடாதீர்கள்.

எலியைத் தொட்ட கையோடு பாம்பைத் தொட்டால் விரலை இரை என்றுதான் நினைக்கும். கடித்துவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோல் கிழியும், அதன் பல்லும் உடையும். பேசாமல் இருங்கள், தானே விடும். விடாவிட்டால் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள்.

புதிதாக வந்த குட்டியை முதல் ஒரு வாரம் எடுக்கவே வேண்டாம். தானாக ஒன்றிரண்டு வேளை சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். உங்கள் கையில் அது மெதுவாக நாக்கை நீட்டி நீட்டி நகர்ந்தால் சரி. பந்தாகச் சுருண்டாலோ, கழுத்தை எஸ் போல வளைத்தாலோ, அன்றைக்கு அவ்வளவுதான்.

சாப்பிடவில்லை என்று வாயைத் திறந்து திணிப்பது

செய்யாதீர்கள். எடை குறையாத வரை பட்டினி ஒரு நோயில்லை.

வேளச்சேரித் தம்பியிடம் அன்று கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது. வியாழன் இரவு இரை. வெள்ளி காலை நண்பர்களுக்குக் காட்ட எடுத்திருக்கிறான். ஏசி 23-ல். கேட்கக் கேட்க எனக்குப் பெரம்பூர் வீடு கண்முன் வந்தது. பதினான்கு நாள் எதுவும் வைக்காதே என்றேன். ஆறாம் நாள் போன் செய்து, "முதுகெலும்பு தெரியுது அண்ணா, பயமா இருக்கு" என்றான். தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டேன். குடிக்கிறது என்றான். அப்படியானால் பொறு என்றேன். ஒன்பதாம் நாளும் அதே போன், அதே பதில்.

பதினைந்தாம் நாள் ஐந்து கிராமில் ஒரு சின்னச் சுண்டெலி. விழுங்கியது. தொட்டியைத் துணியால் மூடிவிட்டு அறைப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறான். எட்டு நாள் கழித்து வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. செய்தித்தாள் விரிப்பின் மேல் கருப்பாகக் கொஞ்சம் எச்சம், பக்கத்தில் சுண்ணாம்புத் துண்டு போல வெள்ளையாகச் சிறுநீர் உப்புக் கட்டி. கீழே, "செரிச்சிடுச்சு அண்ணா!"