சீரியல் ஓடும் நேரத்தில் சைக்கிள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், டிவிக்கு நேரெதிரே ஓர் உடற்பயிற்சி சைக்கிள் நிற்கிறது. வீடு மாறிப் போன பக்கத்து பிளாக்காரர்களிடம் 180 ரிங்கிட்டுக்கு வாங்கியது. முதல் ஆறு மாதம் அதில் என் வீட்டுக்காரரின் சட்டைகள்தான் காய்ந்தன. அப்புறம் ஒருநாள் கிளினிக்கில் டாக்டர், "சர்க்கரை எல்லையில் நிற்கிறதும்மா" என்றார். அன்று சாயங்காலமே சட்டைகளை எடுத்து மடித்து வைத்தேன். அப்போது எனக்கு வயது 49, எடை 74 கிலோ.

தித்திவங்சா ஏரிப் பூங்கா பக்கத்தில்தானே, போய் நடக்கலாமே என்பார்கள். நடந்து பார்த்தவள்தான். நான் வேலை விட்டு வரும் நேரம் பார்த்துத்தான் கோலாலம்பூருக்கு இடியோடு மழை வரும். புகைமூட்டக் காலமென்றால் ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. சைக்கிளுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது, ஒரு மின்விசிறி போதும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றில்லாமல் மிதித்தால் பத்து நிமிடத்தில் தலை சுற்றும்.

வாங்கியதும் எல்லாரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். சீட் எந்த உயரத்தில் வந்ததோ அதே உயரத்தில் ஏறி மிதித்தேன். மூன்றாவது வாரம் முட்டியின் முன்பக்கம் வலி, படி இறங்கினால் உயிர் போனது. கீழ்வீட்டுச் சீன அங்கிள் ஞாயிற்றுக்கிழமைகளில் நிஜ சைக்கிளில் ஊர் சுற்றுபவர். லிப்டில் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். சீட்டை ஒரு பார்வை பார்த்தார், நாலு விரற்கடை உயர்த்தினார், போய்விட்டார். பத்து நாளில் வலி போயிற்று.

அவர் காட்டியது இதுதான். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றால் சீட் உங்கள் இடுப்பெலும்பு உயரத்துக்கு வர வேண்டும். பிறகு, மிதிக்கும்போது போடும் காலணியோடு ஏறி உட்காருங்கள். குதிகாலை மிதிக்கட்டையில் வைத்து அதை அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கால் நேராக நீள வேண்டும். இனி குதிகாலை எடுத்துவிட்டு, பாதத்தின் முன்பகுதியை வையுங்கள். முட்டி தானாக லேசாக மடங்கும், அந்த மடிப்புதான் சரியான அளவு. மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட் ரொம்ப உயரம். முட்டி முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம். சீட் கம்பியில் சரியான துளை எது என்று கண்டதும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். என் மகன் லீவில் வந்தால் மாற்றிவிட்டுப் போவான், கோடு இருப்பதால் தப்பித்தேன்.

முதல் வாரம் பத்தே நிமிடம். பிட்டம் வலிக்கும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி அரை மணிக்கு வாருங்கள். வாரம் ஐந்து நாள் அரை மணி என்றால் 150 நிமிடம். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கும் அதுதான். நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று போதும். மிதிப்பை இறுக்கும் திருகைத் தளர்த்திவிட்டுக் காற்றில் கால் சுற்றினால் பயனில்லை. ஒவ்வொரு சுற்றிலும் தொடை கொஞ்சம் வேலை செய்வது தெரிய வேண்டும். எவ்வளவு இறுக்குவது? நான் கிள்ளானில் இருக்கும் அக்காவுக்குப் போன் போடுவேன். பேச முடிய வேண்டும், ஆனால் பாடச் சொன்னால் முடியக் கூடாது. அதுதான் அளவு.

ஐந்தாவது வாரத்திலிருந்து சீரியலை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. கதை ஓடும்போது சாதாரண வேகம். விளம்பரம் வந்ததும் திருகை ஒரு சுற்று இறுக்கி அரை நிமிடம் வேகமாக, பிறகு ஒன்றரை நிமிடம் தளர்வாக, மறுபடி ஒருமுறை. மாமியார் மருமகளைத் திட்டும் காட்சியில் கால் தானாகவே வேகமெடுக்கும், அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைசி மூன்று நிமிடம் திரும்பவும் மெதுவாக. சட்டென்று இறங்கினால் கிறுகிறுக்கும்.

சைக்கிளின் சின்னத் திரை காட்டும் கலோரியை நம்ப வேண்டாம், பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். என் எடைக்கு அரை மணி நேரம் மிதமாக மிதித்தால் சுமார் 200, மிஞ்சினால் 250 கலோரி கரையும். மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவுக் கடை) ரொட்டி சானாய், அதாவது பரோட்டா, ஒன்று ஏறக்குறைய 300. கூட ஒரு தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்) குடித்தால் இன்றைய மிதிப்பு போயிற்று, நாளைய மிதிப்பிலும் பாதிக்கு மேல் போயிற்று. நான் தே ஓ கொசோங்குக்கு, அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீருக்கு மாறினேன். முதல் வாரம் மருந்து மாதிரி இருந்தது. ரொட்டியை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், விடவில்லை.

வயிற்றை மட்டும் தனியாகக் கரைக்க எந்தச் சைக்கிளாலும் முடியாது. கொழுப்பு உடம்பு முழுக்கவும்தான் குறையும், எங்கே முதலில் என்பது நம் கையில் இல்லை. தொடையும் பிட்டமும் இறுகும், கைக்கு ஒன்றும் ஆகாது. அதனால் வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்துத் தடவை, ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, இவ்வளவும் செய்கிறேன்.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். சில மருந்துகளோடு மிதித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், கையருகே இனிப்பு இருக்கட்டும். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

முதல் மாதம் தராசு அசையவே இல்லை. அழுகையாக வந்தது. ஆனால் பாவாடை நாடா முடிச்சு இரண்டு விரற்கடை உள்ளே போயிருந்தது. அதனால் தராசோடு தையல் டேப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களில் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள் இருப்பது நல்லது என்பார்கள். ஏழு மாதத்தில் எனக்கு எட்டுக் கிலோ இறங்கியது. இடுப்பு 94லிருந்து 86க்கு வந்திருக்கிறது, இன்னும் ஆறு பாக்கி.

இரவு பத்துக்கு மேல் மிதிப்பதாக இருந்தால் அடியில் ரப்பர் பாய் போடுங்கள். எனக்கு அந்தப் புத்தியைச் சொன்னதும் கீழ்வீட்டு அங்கிள்தான், இந்தத் தடவை கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.