கிளினிக் ரிசப்ஷனில் ஏசுகிறவர்களைச் சமாளிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிசப்ஷனில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பதிலுக்குக் கத்தக் கூடாது, மரியாதையாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்து மாட்டிக்கொள்ளும் தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் பணிக்காலத்தில் ஒருமுறையாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிரட்டலும் வசவும் வாங்குகிறவர்கள் இன்னும் அதிகம்.

சத்தம் போட்டவரை உடனே உள்ளே அழைப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டும் தவறு இது. பெரும்பாலும் இதைச் செய்வது டாக்டர்தான்.

கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு மாலை. தூக்க மாத்திரைக்குச் சீட்டு மட்டும் போதும் என்று ஒருவர் வந்தார். "டாக்டர் பார்க்காம அந்த மாத்திரை எழுத மாட்டாங்க சார், டோக்கன் வர்ற வரைக்கும் உட்காருங்க" என்றாள் மேசையில் இருந்த பெண். சரியான பதில். அவர் மேசையை ஓங்கித் தட்டினார். அவள் படிப்பையும் வளர்ப்பையும் இழுத்துப் பேசினார். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர், "நீங்க உள்ள வாங்க சார்" என்று கூட்டிப்போய், சீட்டையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் டாக்டர் நினைத்திருப்பார். காய்ச்சலில் துவண்ட குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முறைக்காகக் காத்திருந்த தாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த பெண் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அதன் பிறகு யாரையும் காத்திருக்கச் சொல்லவே அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை அந்த ஆள் வாசலிலேயே குரலை உயர்த்தினார். ஏன் உயர்த்த மாட்டார்? போன முறை அதற்குப் பலன் கிடைத்ததே!

மருத்துவ ரீதியாகவும் இது ஆபத்து. பென்சோடயாசெபைன் வகை தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடும். பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். கொடுப்பதா, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஆளை அனுப்பினால் போதும் என்ற அவசரத்தில் எழுதுகிற சீட்டில் அந்த யோசனை இருக்காது.

டாக்டர் வெளியே வரட்டும். வந்து, ரிசப்ஷனில் சொன்னதையே அவரும் சொல்லட்டும்: "அவங்க சொன்னதுதான் இங்க நடைமுறை. உங்க முறை வரும்போது பார்க்கிறேன். இப்படிப் பேசினா இன்னைக்குப் பார்க்க முடியாது." அந்த நடைமுறையே சரியில்லை என்று டாக்டருக்குத் தோன்றினால், கிளினிக் மூடிய பிறகு ஊழியர்களோடு பேசி எல்லோருக்குமாக மாற்றிக்கொள்ளலாம். நிஜமாகவே அவசரமானவரை முன்னால் அனுப்ப நேர்ந்தால், உடல்நிலை காரணமாக அனுப்புகிறோம் என்று காத்திருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். என்ன நோய் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோபத்துக்குப் பின்னால் இருக்கும் நோயைக் கவனிக்காமல் விடுவது

வழக்கமாகச் சாந்தமாக வருகிறவர் திடீரென்று எரிந்து விழுந்தால் முகத்தைப் பாருங்கள். வியர்வை, கை நடுக்கம், குழறும் பேச்சு இருந்தால், அதுவும் அவர் சர்க்கரை நோயாளி என்றால், உடனே நர்ஸைக் கூப்பிட்டுச் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். வயதானவர் ஓரிரு நாளில் ஆளே மாறிப்போய்க் குழப்பமாகப் பேசினால், உள்ளே ஏதோ தொற்றோ தலையில் அடியோ இருக்கலாம். குடியைத் திடீரென நிறுத்தியவருக்கு இரண்டு மூன்று நாளில் வரும் பிதற்றலும் அப்படித்தான். இவர்களை வரிசையில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

"டென்ஷன் ஆகாதீங்க" என்பது

சொல்லாதீர்கள்.

தோளில் கை வைத்துச் சமாதானம் செய்வது

வேண்டாம். இரண்டு கை தூரம் தள்ளி நில்லுங்கள். அவர் வெளியேறும் வழியையும் உங்கள் வழியையும் அடைக்காதீர்கள்.

புகார் சொல்கிறவரைத் தகராறு செய்கிறவராக நினைப்பது

"ரெண்டு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன், ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று குரல் உயர்த்துகிறவர் நியாயத்தைத்தான் கேட்கிறார். டாக்டர் வரத் தாமதமானால், கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே நின்றுவிடும். உங்களைத் தரக்குறைவாகப் பேசுவதும் மிரட்டுவதும் வேறு.

பதிவேட்டில் "தகராறு செய்தார்" என்று மட்டும் எழுதுவது

இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு பிறகு எதுவும் செய்ய முடியாது. எத்தனை மணிக்கு, அவர் சொன்னது அப்படியே என்ன, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதுங்கள். வசவு வார்த்தையைக் கூச்சப்பட்டு விழுங்காதீர்கள். நோயாளி தன் மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை பல நாடுகளில் உண்டு. ஆகவே உங்கள் அபிப்பிராயம் அதில் வேண்டாம். எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதென்றால் இந்தக் குறிப்பிலிருந்துதான் எழுத வேண்டும். கோபம் ஆறிய பிறகு, மறுநாள் எழுதலாம். எந்தப் பேச்சை ஏற்க முடியாது, மறுபடி நடந்தால் என்ன செய்வோம் என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தால் சிகிச்சை மறுக்கப்படாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

திட்டு வாங்கியவரை அடுத்த டோக்கனை உடனே கூப்பிடச் சொல்லாதீர்கள். பத்து நிமிடம் வேறொருவர் மேசையில் உட்காரட்டும்.