சொரியாசிஸ் அடங்கின தோலைக் காப்பாத்துறது எப்படி

முழங்கை வழவழன்னு ஆனதும் களிம்பு டியூபைத் தூக்கி அலமாரியில போட்டுடாதீங்க. செதில்தான் போயிருக்கு. அதைக் கிளப்பிவிட்ட நினைவு டி செல்கள், அதாவது பழசை ஞாபகம் வச்சிருக்கிற எதிர்ப்புச் சக்தி வெள்ளை அணுக்கள், தோலுக்குள்ளேயேதான் இருக்கு. ரத்தத்தோட சுத்துற ரகம் இல்ல இது. மேல்தோல்லயே வருஷக்கணக்கா தங்கிடுற ரகம். முன்ன வந்த கிருமி திரும்பி வந்தா உடனே அடிக்கிறதுக்கு உடம்பு நிறுத்தி வைக்கிற காவல்தான் இது. சொரியாசிஸ்ல கிருமி இல்லாமலே ஐஎல்-17, ஐஎல்-22 மாதிரி அழற்சியைத் தூண்டுற புரதங்களைக் கொட்டும். அதனால மாசத்துல ஒருமுறை மாறுற மேல்தோல் சில நாள்லயே மாறி, செதிலா உதிரும். போன தடவை வந்த அதே இடத்துல திரும்ப வர்றது இதனாலதான்.

அதனால படை இருக்கும்போதே ஒவ்வொரு இடத்தையும் போன்ல படம் எடுத்து வைங்க. மறைஞ்ச பிறகு எங்க கவனிக்கணும்னு அதுதான் காட்டும்.

அந்த இடத்துல காயம் படக்கூடாது. உரசல், கீறல் பட்ட இடத்துல புதுசா படை கிளம்புறதை 1870கள்லயே கோப்னர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சிருக்கார். கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம் எங்களை மாதிரி ரப்பர் பால் வெட்டுறவங்களுக்கு இதுதான் பெரிய பாடு. விடியுமுன்ன கட்டுற ஹெட்லைட் பட்டை நெத்தி மயிர்க்காலை அழுத்தும். வேர்வையும் சேர்ந்து உரசும். பழைய துவர்த்தை, அதான் துண்டை, கிழிச்சு அடியில வச்சுக் கட்டுவேன். பால் உறைய ஆசிட் ஊத்தும்போது முழங்கை மூடுற சட்டை. மழைக்காலத்துல அட்டை கடிச்சா சொறியவே கூடாது, அது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சேதான் சொல்றேன். குளிச்ச ஈரத்தோட தேங்காய் எண்ணெய் தடவினா வறட்சி குறையும். அது மருந்து இல்ல. செதிலை நகத்தால உரிக்கிறதும் காயம்தான்.

மறைஞ்ச இடத்துக்கும் வாரம் ரெண்டு நாள் களிம்பு போடலாமான்னு தோல் டாக்டர்கிட்டயே கேளுங்க. சில களிம்புக்கு அந்த முறை உண்டு. ஐஎல்-17, ஐஎல்-23ஐத் தடுக்கிற ஊசி நல்லா அடக்கும். நிறுத்தினா பலருக்குத் திரும்புது, குடியிருக்கிற செல் அங்கேயே இருக்கே! அந்த ஊசிக்கு முன்னாடி டி.பி. பரிசோதனை கட்டாயம்.

மருந்துக்கடையில சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீங்க. அதைத் திடீர்னு நிறுத்தும்போது நோய் மொத்தமா வெடிக்கலாம். உடம்பெல்லாம் சிவந்து, சீழ்க்கொப்புளமும் காய்ச்சலும் வந்தா வீட்டு வைத்தியம் பார்க்காம அன்னைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போயிடுங்க, சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் கையில எடுத்துக்கிட்டு.