ரீஃப் டேங்கை ஏற்காட்டுக்கு ஏற்றுகிறீர்களா? மணலை முதலில் கவனியுங்கள்

சேலத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரீஃப் டேங்க், அதாவது கோரலும் (பவளம்) கடல் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, ஏற்காட்டில் வைத்த மூன்றாம் நாளே கெட்டு உயிர்கள் சாகத் தொடங்கினால் பழி பயணத்தின் மேல் விழும். பெரும்பாலும் காரணம் மணல்தான்.

இரண்டு வருடம் ஓடிய தொட்டியின் மணலில் விரலை விட்டுப் பாருங்கள். மேலே வெள்ளை. அடியில் கறுப்பாக ஒரு அடுக்கு. கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். ஆக்ஸிஜன் எட்டாத அந்த இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடும், மக்கிய தீவனமும், மீன் கழிவும் தேங்கிக் கிடக்கின்றன. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு மணலோடு தொட்டியை வண்டியில் ஏற்றினால், 20 கொண்டை ஊசி வளைவுகளும் அந்த விஷத்தை நன்றாகக் கலக்கிவிடும். கனம் தாங்காமல் கண்ணாடிகளை இணைக்கும் சிலிகான் ஒட்டும் விட்டுப்போகலாம்.

மணலைத் தனியே அள்ளி, பழைய தொட்டித் தண்ணீரிலேயே கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள். எங்களைக் கேட்டால் புது மணலே நல்லது. பழைய மணலில் கறுப்பு தொடாத மேல்பகுதியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக் கலந்தால் போதும். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெரும்பாலும் லைவ் ராக்கில்தான் (தொட்டியில் உள்ள துளை நிறைந்த கல்) குடியிருக்கிறது. அதனால் கல் வழியில் காயவே கூடாது. கல்லில் ஒட்டி வாழும் ஸ்பாஞ்சு உயிரினங்கள் காற்றுப் பட்டுச் செத்தால், அழுகி அம்மோனியாவைத்தான் தரும்.

பிரிக்கும் வரிசையிலும் தவறு நடக்கிறது. வலையோடு மீனைத் துரத்திக் கலக்கிவிட்டு, பிறகு தண்ணீர் எடுக்கிறார்கள். தெளிந்த தண்ணீரை முதலில் டிரம்மில் பிடியுங்கள். அடுத்து கோரல், பிறகு கல். தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு இறங்கியதும் மீன் தானாகக் கைக்கு வரும். மீன் இருக்கும் பெட்டியில் கல் வேண்டாம். ஒரு வளைவில் உருண்டாலே நசுக்கிவிடும். பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். மீனைப் பையில் கட்டினால், மேலே ஏறக் காற்றழுத்தம் குறைந்து பை உப்பும். விறைப்பாகக் கட்டாதீர்கள்.

புது உப்புத் தண்ணீரை முந்தின நாளே கலக்கி, பம்ப் போட்டு ஓடவிடுங்கள். லிட்டருக்குச் சுமார் 36 கிராம் அக்வேரியம் கடல் உப்பில் தொடங்கி, உப்பு அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டும்வரை சரிசெய்யுங்கள். வீட்டு ஆர்ஓவின் டிடிஎஸ் கன்ட்ரோலர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் கூட்டும் திருகு) போர்வெல் தண்ணீரையும் கொஞ்சம் கலந்தே தரும். அதை மூடிவிட்டுப் பிடியுங்கள்.

சேலம் வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கிய பலர் ஹீட்டரை மறந்துவிடுகிறார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி இரவுக்கு அது இல்லாமல் 25 டிகிரி நிற்காது. அங்கே காற்றில் ஆக்ஸிஜனும் குறைவு; தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கரைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தீவனம் போடாதீர்கள். போய்ச் சேர்ந்தபின் ஒரு வாரம் லைட்டைக் குறைத்து, தினமும் அம்மோனியா பாருங்கள். கொஞ்சம் தெரிந்தாலும், தொட்டித் தண்ணீரில் கால் பங்கை எடுத்துவிட்டு, கலக்கி வைத்த உப்புத் தண்ணீரை உடனே ஊற்றுங்கள். அதற்காகவே ஒரு டிரம் கூடுதலாகக் கலக்கி வைத்திருங்கள்.