பேஸ்பால் லீகில் சேரும் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை, குடும்பம் என்றான பிறகு அமெச்சூர் பேஸ்பால் லீகில் சேருபவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் பயிற்சியிலேயே முழு வேகத்தில் பந்தை எறிவது. பதினெட்டு வயதில் எறிந்தது மனதில் அப்படியே இருக்கும். தோளும் முழங்கையும் அதை எப்போதோ மறந்திருக்கும். ஆனால் மைதானத்தின் அளவு வயதைப் பார்ப்பதில்லை. பெரும்பாலான லீக்குகளில் பந்தை எறியும் பிட்சருக்கும், மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே அதே 60 அடி 6 அங்குலம், ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே அதே 90 அடி. மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு எறிய 127 அடி.

அதனால் சீசனுக்குப் பல வாரங்கள் முன்பே எறியத் தொடங்குங்கள். முதலில் 45 அடியில், மெதுவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி இல்லையென்றால் 60, அப்புறம் 90, அப்புறம் 120. உடம்பைச் சூடாக்கிக்கொண்டு எறிய வேண்டும். எறிந்து எறிந்தே சூடாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மறுநாள் தசை அலுப்பாக இருப்பது சாதாரணம். முழங்கையின் உட்புறம் குத்தினால் அது வேறு விஷயம், அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். அங்கே எலும்புகளை இணைக்கும் நார் கிழிந்ததற்குத்தான் 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு, இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் அறுவை சிகிச்சை முதன்முதலாக நடந்தது. இன்றும் அதைச் செய்துகொண்ட பிட்சர்கள் களத்துக்குத் திரும்ப ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிறது. வார இறுதி ஆட்டத்துக்காக அவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.

கால் விஷயமும் இப்படித்தான். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திடீரென்று ஓடும்போதுதான் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்கிறது. உங்கள் முறை வருவதற்கு முன் எழுந்து நாலு நடை நடந்து, காலை உதறிக்கொள்ளுங்கள்.

பல லீக்குகளில் வயதுப் பிரிவும் திறமைப் பிரிவும் உண்டு. ரோஷத்துக்காக மேல் பிரிவில் பெயர் கொடுக்காதீர்கள். சேரும் முன் ஒரு முழு ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள். பிட்சரின் வேகத்தைப் பார்த்தாலே உங்கள் இடம் எதுவென்று தெரிந்துவிடும்.

மட்டை வாங்கும் முன் லீக் விதியைக் கேளுங்கள். சில லீக்குகளில் மர மட்டை மட்டும்தான். உலோக மட்டையில் பழகியவர்கள் மர மட்டையை எப்படியோ திருப்பிப் பிடித்து, தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும் பக்கத்தில் பந்தை வாங்கி உடைத்துவிடுகிறார்கள். பந்து படும் நேரத்தில் முத்திரை மேலேயோ கீழேயோ பார்த்திருக்க வேண்டும்.

ஹெல்மெட்டில் மட்டும் சமாதானமே கூடாது. 1920இல் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்தார். அப்போது ஹெல்மெட் வழக்கத்தில் இல்லை.

கிரிக்கெட் ஆடிவிட்டு வருபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பந்து மட்டையில் பட்டு ஆட்ட எல்லைக் கோடுகளுக்கு உள்ளே விழுந்தால் ஓடியே ஆக வேண்டும், நின்று யோசிக்க இடமில்லை. முதல் பேஸைத் தொட்டுத் தாண்டி ஓடலாம், அதனால் அங்கே வேகத்தைக் குறைக்காதீர்கள். இரண்டிலும் மூன்றிலும் தாண்டினால், பந்தால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள். மூன்று ஸ்ட்ரைக் (நல்ல பந்தைத் தவறவிடுவது போன்றவை) ஆனால் பொதுவாக அவுட். ஆனால் மூன்றாவது ஸ்ட்ரைக்கை, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் பிடிக்காமல் விட்டு, முதல் பேஸ் காலியாகவும் இருந்தால் நீங்கள் இன்னும் அவுட் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சுக்குத் திரும்பாமல் முதல் பேஸுக்கு ஓடுங்கள்.