தண்ணீர் தெளிந்திருக்கிறது என்று மீனை விடாதீர்கள்

தொட்டி வாங்கி, மணல் பரப்பி, செடி நட்டு, தண்ணீர் ஊற்றியாயிற்று. மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. அன்று மாலையே பத்து மீன்கள் வந்து இறங்கிவிடும். மூன்று நான்கு நாள் துள்ளி விளையாடும். பிறகு ஒன்று மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வாரம் முடிவதற்குள் பாதி மீன் இருக்காது. "நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டான்" என்று விற்றவர்மேல் பழி விழும். பெரும்பாலும் குற்றம் மீனிடம் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

மீன் செவுள் வழியே அமோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனியும் அழுகும் இலையும் தங்கள் பங்குக்குச் சேர்க்கும். அமோனியாவுக்கு நிறம் கிடையாது, மீனைக் கொல்லும் அளவில் நாற்றமும் தெரியாது. ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது செடிக்கு உரம். இந்த இரு பாக்டீரியாக் கூட்டமும் தொட்டியில் நிலைபெறுவதைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள். இவை மிக மெதுவாகப் பெருகுபவை. எனவே வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "ஒரு மாதம் காலித் தொட்டியை ஓடவிட்டேன், அப்புறமும் மீன் செத்ததே!" சாப்பாடு போடாமல் பாக்டீரியா எப்படி வளரும்? மணமோ சோப்போ கலக்காத திரவ அமோனியாவை, தண்ணீரில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வருமளவு விடுங்கள். கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிடலாம். கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

சொட்டு மருந்து போட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம் வேண்டும். காகிதப் பட்டைகள் பலவற்றில் அமோனியாவுக்கான கட்டமே இருக்காது. முதல் வாரம் அமோனியாவுக்கான சோதனைக் குழாய் மஞ்சளிலிருந்து (அமோனியா இல்லை) பச்சைக்கு (இருக்கிறது) போகும். இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப மஞ்சளாகும். உடனே கொண்டாடிவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் நைட்ரைட் உச்சத்தில் நிற்கும். நைட்ரைட் இரத்தத்தில் ஏறினால் அது பழுப்பாகி, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். தண்ணீரில் காற்று போதுமான அளவு இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இன்று 2 பிபிஎம் அமோனியா விட்டு, 24 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது அமோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்ஜியமாகி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார். தேங்கிய நைட்ரேட்டை இறக்க ஒரு பெரிய தண்ணீர் மாற்று செய்துவிட்டு மீனை விடலாம்.

அடுத்தது ஃபில்டர். இந்தத் தவறை நானே செய்தேன். ஸ்பாஞ்ச் முழுக்கப் பழுப்புச் சேறு. குழாயடியில் பிடித்துப் புத்தம் புதிதுபோலக் கழுவி மாட்டினேன். குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின், இரண்டு மாதம் வளர்ந்த பாக்டீரியாவை ஒரே கழுவில் தீர்த்துவிட்டது. மறு வாரமே அமோனியா சோதனைக் குழாய் பச்சை. நல்ல பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட, ஸ்பாஞ்ச், மணல், இலை என்று ஒட்டிக்கொண்டுதான் வாழ்கிறது. தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்தால் போதும். அதே காரணத்தால், நண்பரின் பழைய தொட்டித் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்றுவதில் பெரிய பலன் இல்லை. அவருடைய அழுக்கு ஸ்பாஞ்சில் பாதியைக் கேளுங்கள், சைக்கிளிங் வெகுவாகச் சுருங்கும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஊற்றும் புதுத் தண்ணீருக்கு டீகுளோரினேட்டர் (குளோரினை நீக்கும் மருந்து) போடுங்கள். வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது.

செடிகள் அமோனியாவை நேரடியாகவே உறிஞ்சும் என்பதால், வேகமாக வளரும் செடிகளை முதலிலேயே நெருக்கி நடுவது நல்லது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மணலுக்குள் புதைக்காதீர்கள். அவற்றின் கிடைத்தண்டு அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டினால் போதும். நட்ட புதிதில் கிரிப்டோகொரைன் இலையெல்லாம் கரைந்து கூழாகலாம். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து புது இலை வரும். விளக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும், அதற்கு மேல் பாசிக்குத்தான் விருந்து. சத்து நிறைந்த அக்வா சாயில் (செடித் தொட்டிக்கான மண்) சில, முதல் வாரங்களில் தாமே அமோனியாவைக் கசியவிடும். டெஸ்ட் எண் எகிறினால் பயப்பட வேண்டாம்.

மீன் எண்ணிக்கைக்கு வருவோம். 20 லிட்டர் தொட்டி என்று வாங்கினாலும் மணல், கல், கட்டை போகத் தண்ணீர் 20 லிட்டர் நிற்காது. அதில் ஒற்றை பெட்டா (ஃபைட்டர் மீன்), அல்லது கொஞ்சம் இறால். கோல்டுஃபிஷ் வேண்டவே வேண்டாம். பாசி தின்னும் என்று விரலளவு ப்ளெக்கோவை வாங்குகிறார்கள். சாதாரண ப்ளெக்கோ ஓரடிக்கு மேல் வளரும். நியான் டெட்ரா கூட்டமாக வாழும் மீன், குறைந்தது ஆறு வேண்டும், அதற்கு 40 லிட்டராவது தேவை. கப்பி வாங்கினால் ஆண்களை மட்டும் வாங்குங்கள். ஒரு பெண் கப்பி, ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் குட்டி போடும், விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். முதலில் ஒரு கூட்டம், இரண்டு வாரம் கழித்து அடுத்தது என்று விடுங்கள். இருக்கிற தீனிக்கு ஏற்பத்தான் பாக்டீரியா இருக்கும், திடீரென்று பாரம் ஏறினால் தாங்காது.

மீன் வந்த பையின் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பையைச் சிறிது நேரம் மிதக்கவிட்டு, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். அன்று விளக்கை அணைத்துவிடுங்கள், தீனியும் வேண்டாம். ஒரு நாள் பட்டினியால் ஒன்றும் ஆகாது. செடிக்கடியில் ஒளிந்துகொண்டு வராவிட்டாலும் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடாதீர்கள்.